டீபிக்காரி கடை மீன்

ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்ல வந்திருக்கிறேன். மனுஷர் செய்ததையும் சொல்லாமல் விடமாட்டேன். நினைத்தால் இன்றும் குமட்டுகிறது.

என் பெயர் ஸ்டெல்லா. பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறேன். போன தவக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால், படகில் தொழிலுக்குப் போகும் என் கணவருக்குக் காசநோய் என்று தெரிந்தது. நாங்கள் இருப்பது ஜன்னல் இல்லாத ஒற்றை அறை. அதனால் எனக்கும் கையில் ஊசி போட்டுப் பார்த்தார்கள். போட்ட இடம் வீங்கிவிட்டது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை.

"கிருமி உள்ள தூங்குதும்மா. உங்களுக்கு நோய் இல்ல, உங்களால யாருக்கும் ஒட்டாது. அது முழிச்சுக்காம இருக்க வாரம் ஒரு நாள் மாத்திரை போடுங்க" என்றார் டாக்டர்.

மாத்திரை போட்டால் சிறுநீர் செம்மண் தண்ணீர் மாதிரி போனது. மருந்தின் நிறம்தான் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தும் என் உடம்பே எனக்கு அருவருத்தது. அதையாவது பொறுத்துக்கொண்டேன்.

எங்கள் தெருக் குடும்பங்கள் வாரந்தோறும் ஒரு வீட்டில் கூடிச் செபிப்போம். அன்பியம் என்போம். யாருக்கு என்ன குறையோ, பெயர் சொல்லி மன்றாடுவது வழக்கம். தலைவி பிலோமினா அக்கா கண்ணை மூடிக்கொண்டு, "டீபி வந்து அவதிப்படுற நம்ம ஸ்டெல்லாவுக்காக" என்று ஆரம்பித்தார். எல்லாரும் உருகி உருகிச் செபித்தார்கள். செபம் முடிந்ததும் பாயில் என் பக்கம் காலியாகிவிட்டது. எனக்கு நோய் இல்லை என்று நான் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை முதல் என் கடையில் ஈதான் மொய்த்தது. கறி தொடாத சனமெல்லாம் மீனுக்கு அலைகிற தவக்காலம்! நாள் முழுக்க மீன் குடலில் கை விடுகிற பக்கத்துக் கடைக்காரி என்னைப் பார்த்து மூக்கைப் பொத்தினாள். "அவளுக்கு இன்னாமோ வியாதி கீது, வாங்காதீங்க" என்று என் வாடிக்கையைத் திருப்பினாள். தூ! கணவர் படுத்திருக்க, என் கடையை நம்பித்தான் எங்கள் அடுப்பு.

மாத்திரையை விட்டுவிட்டால் ஊர்ப் பேச்சு நின்றுவிடும் என்று தோன்றியது. மாதா சிலை வைத்த கெபி முன்னால் நின்று அழுதேன். "தாயே, இந்தச் சனத்தப் பார்த்தாலே குமட்டுது. மாத்திரைய வுட்டுடட்டா? ஒரு வழி காட்டு" என்றேன்.

மறுநாள் காலை பிலோமினா அக்காவே என் கடைக்கு வந்தார். அவர் கணவரும் என் கணவரோடு அதே படகில் போகிறவர். அந்த அண்ணனுக்கும் ஊசி போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

"அவருக்கும் வீங்கிக்கீதுடி. நோய் இல்லன்னு டாக்டரு சொல்றாரு. நெசந்தானா?" என்றார் மெதுவாக.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இந்த வாரம் அண்ணன் பேரச் சொல்லி மன்றாடலாமாக்கா?" என்றேன்.

அக்கா உடைந்து அழுதார். பிறகு முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு சந்தையே திரும்பிப் பார்க்கக் கத்தினார். "இவளுக்கு டீபி கெடையாது! நான்தான் தப்பா சொல்லிட்டேன். எங்க வூட்டுக்காரருக்கும் இதேதான். மூக்கப் பொத்திக்கினு நிக்கிறதுக்கு, போய் ஊசி போட்டுப் பாருங்க!" என் கூடையில் முதல் மீனை அவரே எடுத்தார். மதியத்துக்குள் கூடை காலி.

மாத்திரையை முழுசாக முடித்தேன். கணவர் குணமாகி மறுபடி படகேறிவிட்டார். பக்கத்துக் கடைக்காரியை மட்டும் இன்னும் மன்னிக்க முடியவில்லை. அதற்கும் செபிக்கிறேன்.

சகோதரிகளே, மாதாவை நம்புங்கள், கைவிடமாட்டார். உங்கள் வீட்டில் யாருக்காவது காசநோய் என்றால் நீங்களும் போய் ஊசிக்குக் கையை நீட்டுங்கள். அடுத்தவருக்காகச் செபிக்கும்போது மட்டும் தயவுசெய்து வாயை மூடிச் செபியுங்கள். ஆண்டவருக்கு நன்றாகவே காது கேட்கும்.