மருந்து மேல சுண்ணாம்பு

கொசு மருந்து அடிக்கிற வேலையில கொசுவால ஒரு தொந்தரவும் கிடையாது. எல்லாத் தொந்தரவும் வீட்டுக்காரங்களாலதான். மலேரியாவை ஒழிச்சே தீருவோம்னு சர்க்கார் ஊர் ஊரா டி.டி.டி. அடிச்ச காலம். கீழத்தெருக் கூலிக்காரன் மகன் நான், முதுகுல பம்ப்பைக் கட்டிக்கிட்டு விருதுநகர், சிவகாசிப் பக்கத்துக் கிராமமெல்லாம் சுத்தினேன். சீசன் ஆளுதான். ‘ஒழுங்கா அடிக்கிறான்’னு இன்ஸ்பெக்டர் எழுதிக் கொடுத்தா வேலை நிரந்தரம், இல்லேன்னா மறுபடியும் அடுத்தவங்க காட்டுல மண்வெட்டி பிடிக்கணும். கொசுவை அடிச்சு அடிச்சு உள்ளங்கை சிவந்துபோன உங்களுக்காவது என் பாடு புரியும்னு நம்புறேன்.

பசையும் பொடியும்

ஆனைக்குட்டம் பக்கம் ஒரு வீடு. உள்ள கால் வைக்க இடமில்லாம தீப்பெட்டிக் கூடு ஒட்டிக் காயப்போட்டிருந்தாங்க. “எல்லாத்தையும் வெளிய எடுங்கக்கா”ன்னேன். “காத்துல பறந்துரும் தம்பி, நீ மேலாப்புல அடிச்சிட்டுப் போ”ன்னுச்சு அந்த அக்கா. சரி, எதுக்கு வம்புன்னு அடிச்சேன். மருந்து காய்ஞ்சதும் பெட்டி பூராவும் வெள்ளைப் புள்ளி, அம்மை போட்ட மாதிரி. கூடு வாங்க வந்த ஏசெண்டு ஒரு கூடைகூட எடுக்கலை.

அடுத்த தடவை போனப்ப அந்த அக்கா என்னை நடுத்தெருவுல மறிச்சுது. “நாங்க பசையில மயில்துத்தம் கலக்கோம், கரப்பான் கிட்ட வாரதில்ல. ஒன் மருந்துக்குக் கரப்பான் வருது, ஏசெண்டுதான் வரமாட்டேங்கான்!”

புகை ஆகாத இடம்

சிவகாசிக்கு வெளிய ஒரு வெடி கம்பெனி. தீப்பிடிச்சா அணைக்க அங்கங்க தண்ணித் தொட்டி. தொட்டி பூராவும் கொசுப்புழு. “கவுத்திக் காயவிடுங்கண்ணே”ன்னு வாட்ச்மேன்கிட்டச் சொன்னேன். தொட்டியைத் தொட்டா வேலை போயிரும்னார். அப்ப சாயங்காலம் வேப்பிலை மூட்டமாவது போடுங்கன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். வெடி கம்பெனி வாசல்ல நின்னு மூட்டம் போடச் சொன்ன புத்திசாலி நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்!

மனுசன் முதல்ல என் மடியைத் தடவி, தீப்பெட்டி இருக்கான்னு பார்த்தார். அப்புறம்தான் வாயைத் திறந்தார். “ஊரு பூராவும் பொகையப் போட்டு வெரட்டுதாக. இங்கன தண்ணி உண்டு, பொகை கெடையாதுன்னு தெரிஞ்சு அம்புட்டும் வந்துருச்சு. கொசுவுக்கு இருக்கிற வெவரம் ஒனக்கு இல்லையேலே!”

சிரட்டையும் டம்ளரும்

மல்லாங்கிணறு தாண்டி ஒரு ஊர்ல பெரிய வீடு. “மருந்து மட்டும் உள்ள வரட்டும், நீ வெளிய நில்லு”ன்னார் வீட்டு முதலாளி. அதுக்குப் பம்ப்புக்குக் கால் முளைக்கணுமேன்னு நாக்கு வரைக்கும் வந்துச்சு. வேலையை நினைச்சு முழுங்கிட்டேன். மறுத்தா கேஸாகும்னு இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்ட பிறகு வழி விட்டாங்க. அடுக்களையிலிருந்து பூசை ரூம் வரைக்கும் ஒரு சுவரு பாக்கியில்லாம அடிச்சு, வாசல் சுவர்ல மருந்து அடிச்ச தேதியும் எழுதினேன். தாகம்னு கேட்டதுக்குக் கொல்லையில நிக்க வச்சு, தேங்காச் சிரட்டையில தண்ணி ஊத்தினாங்க.

நான் நுழைஞ்ச தீட்டுக் கழியணுமில்ல? வீடு பூராவும் வெள்ளையடிக்க, சாத்தூர் மேஸ்திரிகிட்டச் சொல்லி ஒரு ஆளை வரவழைச்சார் முதலாளி. சலவைச் சட்டை, கிராப்பு, கையில கடியாரம்னு வந்து இறங்கினவனைப் பார்த்து, டவுன் ஆளுன்னு யாரும் ஒண்ணும் கேட்கலை. மருந்து மேலயே ரெண்டு பூச்சுப் பூசினான். சுண்ணாம்பு மூடின மருந்து எந்தக் கொசுவைக் கொல்லும்? வந்தவன் பேரு சண்முகம். எனக்குச் சொந்தத் தாய்மாமன் மகன். சாயங்காலம் எங்க வீட்டுக்கு வந்து விழுந்து விழுந்து சிரிச்சான். “மச்சான், வெள்ளி டம்ளர்ல காப்பி குடுத்தாகலே! என்னா ருசிங்கே!”

குளிர் காய்ச்சல்

பொங்கலுக்கு முன்னால பெரிய வீட்டு முதலாளிக்கே குளிர் காய்ச்சல் வந்துட்டுது. இன்ஸ்பெக்டர் என்னையும் இழுத்துக்கிட்டுப் போனார். சுவரு பளபளன்னு இருக்கு, தேதியைக் காணோம், மூலைக்கு மூலை கொசு. “இவன் மருந்து அடிச்சானா?”ன்னு கேட்டார். கம்பளிக்குள்ள நடுங்கிக்கிட்டே முதலாளி, “இவனா? இந்த வாசப்படியவே மிதிக்கலையே”ன்னார். தீட்டுக்கு வெள்ளையடிச்சேன்னு சொன்னா தீண்டாமைச் சட்டம் வந்து பிடிக்குமே, அந்தப் பயம். இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். “மருந்தை வித்துத் தின்னுட்டியா? நாளையிலிருந்து வராதே.” சண்முகத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டா அவன் பிழைப்புப் போகும். கூப்பிடாட்டி என் பிழைப்புப் போகும். அவனைக் காட்டிக் கொடுக்கலை.

அன்னைக்கு மாட்டுத் தொழுவத்துக்கு வெள்ளையடிக்கவும் அவன்தான் வந்திருந்தான். சத்தம் கேட்டு, சுண்ணாம்பு மட்டையும் கையுமா முன்னால வந்தான்.

“சார், மருந்து அடிச்சிருந்துச்சு. மேல சுண்ணாம்பு பூசினது நாந்தான். தீட்டுப் போகணும்னு மொதலாளிதான் பூசச் சொன்னாக.”

முதலாளி கம்பளியை உதறிட்டு எந்திரிச்சார். “இவனுக்காக நீ எதுக்குப்பா பரிஞ்சு பேசுதே?”

“எங்க அத்தை மகன், மொதலாளி.”

அவனுக்குக் காப்பி கொண்டுவந்த வீட்டம்மா, வெள்ளி டம்ளரோட நிலைப்படியில அப்படியே நின்னுட்டாங்க. “அய்யய்யோ! அப்ப இந்த வெள்ளைக்கு மேல வெள்ளையடிக்க இனி யாரைக் கூப்பிட?”

இன்ஸ்பெக்டரே சொல்லி, அன்னைக்கே முன்வாசல் வழியாப் போய் மறுபடியும் மருந்து அடிச்சேன், அந்த வருசமே எனக்கு வேலை நிரந்தரமாச்சு. சண்முகத்தை மட்டும் அதுக்கப்புறம் அந்த ஊர்ல ஒருத்தரும் வேலைக்குக் கூப்பிடலை.

அந்த ஊர்ல சாதி பார்க்காம எல்லா வீட்டுக்குள்ளயும் போய்வந்தது கொசு ஒண்ணுதான், அதைக் கொல்லத்தான் சர்க்கார் எனக்குச் சம்பளம் கொடுத்துச்சு.