அத்தானுக்கு ஒரு கட்டில்

பேருந்துப் பணிமனையில் அவரை எல்லோரும் 'பிரேக்' என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து பிரேக் பார்ப்பது அவர் வேலை. காலம் முழுக்க அதையே பார்த்ததில் முதுகு போய்விட்டது, பட்டப்பெயர் தங்கிவிட்டது. பேச்சு குறைவு. கேட்டால் பதில் சொல்வார். கேட்காவிட்டால் அதுவும் நிம்மதி என்று இருப்பார்.

சின்ன வயதில் அண்ணன் தம்பிகளோடு ஒரே பாயில் வரிசையாகப் படுத்து வளர்ந்தவர். கல்யாணமானதும் மாமனார் வீட்டுக்குப் போய் அங்கேயே இருந்துவிட்டார். வீட்டோடு மாப்பிள்ளை என்று யாராவது சீண்டினால், "வாடகை மிச்சம்ல" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். அந்த வீட்டில் கட்டில், மேசை, பீரோ எல்லாம் அவர் வருவதற்கு முன்பே அதனதன் இடத்தில் நின்றன. ஐம்பதை நெருங்கியும் அந்த மனிதர் தன் கையால் ஒரு முக்காலிகூட வாங்கியதில்லை.

மனைவி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். இருவருக்கும் நடுவில் பெரிய சண்டை எதுவும் கிடையாது. ஒரு நாள் சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"நாம ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பொறுத்துக்கிட்டே இருக்கோம், இல்ல?"

"ஆமா."

"எனக்கு முடியலைங்க."

"எனக்கும்தான்."

பேச்சு அவ்வளவில் முடிந்தது. அதைக் கோர்ட்டில் சொல்லி முடிக்கத்தான் ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தது. பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்த மகள் அம்மாவோடு இருந்தாள். அவர் பணிமனைக்குப் பக்கத்தில், மூன்றாவது மாடியில், இரண்டு அறை உள்ள ஒரு பிளாட்டை வாடகைக்குப் பிடித்து, ஒரு பெட்டியும் ஒரு பாயுமாகக் குடிபோனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழே ஒரு வேன் விடாமல் ஹாரன் அடித்தது. எட்டிப் பார்த்தால் மனைவியின் தம்பி. பேக்கரிக்கு ரொட்டி ஏற்றும் வேன் ஓட்டுகிறவன். அவரைவிடப் பத்து வயது இளையவன், பேச்சில் நூறு வயது மூத்தவன்.

"அத்தான், இறங்கி வாங்க. இன்னைக்கு மட்டும்தான் வண்டி நம்ம கையில. கட்டில் எடுத்துட்டு வந்துடலாம்."

"நீ எதுக்கு மச்சான் வந்தே? உங்க அக்கா ஏதாவது நினைக்கப் போறா."

"அக்காதான் வண்டிக்குள்ள நல்லாத் துடைச்சுட்டுப் போடான்னு சொன்னா."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினார். வாரம் முழுக்க வண்டிக்கு அடியில் கிடந்த உடம்பு அன்று ஒரு நாள் சும்மா இருக்கத்தான் கேட்டது. பாயே போதும் என்று சொல்லிப் பார்த்தார். மச்சான் காதில் வாங்கவில்லை.

கடை மண்டபம் மாதிரி இருந்தது. குட்டிக் குட்டி வீடுகளாகத் தடுத்து, ஒவ்வொன்றிலும் சோபா போட்டு, விளக்கு எரியவிட்டு, தட்டில் பிளாஸ்டிக் பழம்கூட வைத்திருந்தார்கள். எந்த வீட்டிலும் ஆள் இல்லை. அவர் முதல் சோபாவிலேயே உட்கார்ந்துவிட்டார். மச்சான் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, கண்ணில் பட்ட கட்டிலில் எல்லாம் படுத்துப் பார்த்தான்.

கடைப் பெண் வந்தாள். "சிங்கிளா டபுளா சார்?"

அதை அவர் யோசிக்கவே இல்லை. கட்டில் என்றால் கட்டில், அவ்வளவுதான் என்று நினைத்து வந்தவர்.

"அகலமாவே காட்டுங்கம்மா" என்றான் மச்சான், படுத்த வாக்கில். "இவரு உருளுவாரு."

"நான் எங்கடா உருண்டேன்?"

"இனிமே உருளுங்க."

அந்தப் பெண் சிரித்தாள். "உங்க தம்பியா சார்?"

"அத்தான்" என்றான் மச்சான், முந்திக்கொண்டு.

"அப்ப அக்காவையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே. கட்டில் எல்லாம் அவங்க பார்த்து எடுத்தாத்தான் பின்னாடி பேச்சு வராது."

இரண்டு பேரும் பிளாஸ்டிக் பழத்தைப் பார்த்தார்கள். தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்பது மட்டும் அவளுக்குப் புரிந்தது. விறுவிறுவென்று மெத்தைகள் இருந்த பக்கம் நடந்தாள்.

அங்கே போனதும் மச்சானின் போன் அடித்தது. திரையைப் பார்த்துவிட்டு இரண்டு எட்டு தள்ளிப் போனான். ஆனாலும் அவன் அக்காவின் குரல் அவர் நின்ற இடம் வரைக்கும் கேட்டது.

"கெட்டி மெத்தையாப் பார்த்து எடுடா. அவருக்கு முதுகு ஆகாது. மெத்துமெத்துன்னு இருக்குன்னு எதையாவது தலையில கட்டிடுவாங்க."

அவர் அதைக் கேட்டுக்கொண்டே நின்றார். சுள்ளென்று கோபம் வந்தது. பிரிந்த பிறகுமா என் முதுகைப் பற்றி உனக்குக் கவலை? அவருக்குக் கோபம் வருவதே அபூர்வம். வந்தால் என்ன செய்வது என்றும் தெரியாது. மேலே போட்டிருந்த மெத்தையில் கை வைத்து அழுத்தினார். கை மணிக்கட்டு வரை புதைந்தது.

"இதைக் குடுங்க."

"அத்தான், அது வந்து..."

"எனக்குப் பிடிச்சிருக்கு."

அடுத்தது சாப்பாட்டு மேசை. இரண்டு நாற்காலி போதும் என்றார் அவர். செட்டாகத்தான் வரும், நாலுக்குக் குறைந்து கிடையாது என்றாள் கடைப் பெண்.

"நாலு இருக்கட்டும் அத்தான். பாப்பாவும் நானும் வந்தா நின்னுக்கிட்டா சாப்பிடுறது?"

"நீ வருவியா?"

கேட்ட பிறகுதான் அது எவ்வளவு நாளாக உள்ளே கிடந்த கேள்வி என்று அவருக்கே தெரிந்தது. மச்சான் ஒரு நாற்காலியைத் தூக்கி ஆட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கோர்ட்டுல உங்களையும் அக்காவையும்தானே பிரிச்சாங்க? என்னை யாரும் கூப்பிட்டு ஒண்ணும் கேக்கலையே."

மகள் வந்தால் படுக்க ஒரு சோபா கம் பெட்டையும் சேர்த்து எடுத்தார்கள்.

பிளாட்டில் லிப்ட் கிடையாது. படியும் குறுகல். கட்டிலின் தலைமாட்டுப் பலகையைச் சாய்த்து, திருப்பி, சுவரில் உரசி, ஒவ்வொரு திருப்பத்திலும் இறக்கி வைத்துத்தான் ஏற்ற முடிந்தது. மெத்தையைக் கொண்டுபோகும்போது பாதி வழியில் இருவருக்கும் மூச்சு முட்டிவிட்டது. அதைப் படியிலேயே போட்டு அதன் மேல் உட்கார்ந்தார்கள். எல்லாவற்றிலும் ரொட்டி வாசனை. மேலிருந்து குப்பைக் கூடையோடு இறங்கி வந்த ஒரு பெண்மணி வழியில்லாமல் நின்றாள்.

"புதுசா குடி வந்திருக்கீங்களா? வீட்டுல எத்தனை பேரு?"

"ஒருத்தர்தான்" என்றார் அவர். வாயால் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் ஒன்றும் ஆகவில்லை. அந்த அம்மாள் "சரி சரி" என்று மெத்தையை ஒட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

புது மெத்தையில் முதல் நாள் மேகத்தில் கிடப்பது போல இருந்தது. அப்புறம் முதுகு பழிவாங்க ஆரம்பித்தது. காலையில் எழுந்து நிமிர்வதற்குள் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. வாரக் கடைசிக்குள் கட்டிலை அம்போவென்று விட்டுவிட்டுப் பக்கத்திலேயே தரையில் பாயை விரித்துக்கொண்டார். ஒரு நாள் ரொட்டி கொடுக்க வந்த மச்சான் பாயைப் பார்த்தான், கட்டிலைப் பார்த்தான், அவரைப் பார்க்கவில்லை. கடைக்காரர்கள் மெத்தையைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். மறு ஞாயிறு மச்சான் தன் வீட்டுக் கெட்டி மெத்தையை வேனில் போட்டுக் கொண்டுவந்து, அதை இவருக்குக் கொடுத்துவிட்டு இவருடையதை எடுத்துக்கொண்டான்.

"எனக்குக் கல்லுல படுத்தாலும் தூக்கம் வரும் அத்தான். எதுன்னா என்ன."

"அவகிட்டச் சொல்லிடாதே."

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னா?"

"சிரிச்சா. ரொம்ப நேரம் சிரிச்சா."

அது அவருக்கு வலித்ததா, இதமாக இருந்ததா என்று அவருக்கே பிடிபடவில்லை. யோசிக்கவும் தெம்பு இல்லை. மச்சான் போனதும் படுத்தார், தூங்கிவிட்டார்.

பரீட்சை முடிந்த பிறகு மகள் வந்தாள். அறை அறையாக நடந்து பார்த்தாள். பார்க்க அதிகமில்லாததால் சீக்கிரமே முடிந்துவிட்டது.

"சாயங்காலத்துல என்னப்பா பண்ணுவீங்க இங்க?"

"படுத்துக்குவேன்."

"அதுக்கு முன்னாடி?"

"படுக்கலாமான்னு யோசிப்பேன்."

அவள் சிரித்தாள். வெளியே எங்காவது கூட்டிப் போக வேண்டும் என்று அவர் நினைத்திருந்தார். ஆனால் அவளும் நாள் கணக்கில் கண் விழித்துப் படித்தவள். சோபாவில் சாய்ந்து பேசிக்கொண்டிருந்தவள் பாதி வாக்கியத்தில் தூங்கிப்போனாள். அவர் ஜன்னலைச் சாத்திவிட்டு, உள்ளே போய்ச் சும்மா படுத்தார்.

கண் விழித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. ஏதோ இழுபடும் சத்தம். வந்து பார்த்தால் மகள் சாப்பாட்டு மேசையைத் தனியாகத் தள்ளி ஜன்னல் ஓரமாகக் கொண்டுபோய்ப் போட்டிருந்தாள். நாற்காலிகளை ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டிருந்தாள்.

"நடு வழியில இடிக்குதுப்பா. இங்க போட்டாத்தான் வெளிச்சம் விழும்."

"சரி, இருக்கட்டும்" என்றார் அவர். ஒரு நாற்காலியை இழுத்து, முதுகைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். அவள் டீ போடப் போனாள்.