மேரியக்காவின் சாணிக் கூடை

மேரியக்கா இறந்த செய்தி வந்தபோது நான் பெருங்களத்தூர் நெரிசலில், நகராத பேருந்தில் இருந்தேன். அவருடைய மகள் போன் செய்தாள். "அம்மா காலைல தவறிட்டாங்க மேடம்."

எங்கள் ஆய்வுப் பண்ணையில் இருந்தவர்களுக்கு அவரைத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கறவை மாடு தின்ற தீவனத்தின் சக்தியிலிருந்து சாணியோடு போகும் சக்தியைக் கழித்தால், செரித்தது எவ்வளவு என்று தெரிந்துவிடும். அந்தச் சாணியைச் சிந்தாமல் அள்ளி எடை போட்டவர் அவர். "உங்க ஆராய்ச்சி எல்லாம் என் கூடையிலதான் கீது" என்பார்.

ஒருமுறை தீவனத்தின் அளவை நன்றாக ஏற்றிப் பார்த்தோம். செரிமானம் இறங்கிவிட்டது. அதிகம் தின்றால் தீவனம் வயிற்றில் தங்கும் நேரம் குறையும், செரிமானமும் கொஞ்சம் குறையும் என்பது தெரிந்ததுதான். ஆனால் இவ்வளவா? அக்கா பக்கத்து மாட்டுச் சாணியையும் சேர்த்து அள்ளிவிட்டார் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். படித்த திமிர், வேறென்ன.

அக்கா கூடையைக் கீழே வைத்தார். "இன்னா மேடம் இப்டி சொல்லிட்டீங்க? எந்த மாடு போட்டதுன்னு எனக்குத் தெரியாதா? நீங்களே அள்ளிப் பாருங்க. வேற மாதிரி வந்துச்சுன்னா நான் வேலைய விட்டுப் போயிடுறேன்."

வீட்டில் அவர் ஒருவர் சம்பளம்தான். அது தெரிந்தும் நான் விடவில்லை. ஐந்து நாள் நானே அள்ளினேன். அவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "நல்லா குனிங்க மேடம், அது தானா எழுந்து வராது" என்று கிண்டல் வேறு. காயவைத்து, எரித்து, அதிலிருந்த சக்தியை அளந்தால் அதே விடை. கூடுதலாகப் போட்ட தீவனத்தில் நல்ல பங்கு அரைகுறையாகச் செரித்து வெளியே போய்க்கொண்டிருந்தது.

தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "எல்லார் எதிர்லயும்தானே சொன்னீங்க? அங்கயே வந்து கேளுங்க" என்றார். கேட்டேன். இன்று நினைத்தாலும் அவரை எண்ணிப் பெருமையாக இருக்கிறது.

அந்த ஆய்வுக் கட்டுரையை எழுதியவர்கள் பட்டியலில் அவர் பெயரையும் சேர்த்தேன். "சாணி அள்ளுறவங்க பேரா?" என்றார் ஒரு அதிகாரி. அக்கா கை படாத எண் ஒன்று இதில் இருந்தால் காட்டுங்கள் என்றேன். பெயர் அச்சில் வந்தது.

எந்தக் கணக்கு எனக்குப் பிடிக்காமல் போனாலும், அடுத்தவரைச் சந்தேகிக்கும் முன் தொழுவத்துக்குப் போகிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது.

அடக்கத்தன்று, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கக் கிளம்பிய மகள் கேட்டாள்: "அம்மா பேருக்குக் கீழ இன்னா போடறது மேடம்?"

"ஆராய்ச்சியாளர்னு போடு" என்றேன்.