படிப்புச் சத்தம் நின்ற வாரம்

என் மகள் ஒன்பதாவது படித்த வருஷம், எங்கள் வீட்டில் ஒரு வாரம் படிப்புச் சத்தம் திடீரென்று நின்றுவிட்டது. நான் எளிதில் பதறுகிறவள் அல்ல. ஏரி உடைந்து தண்ணீர் வாசலுக்கு வந்தபோதுகூட உலையில் இருந்த சோற்றை வடித்து, எல்லாருக்கும் போட்டுவிட்டுத்தான் மேட்டுக்கு ஏறினேன். ஆனால் அந்த ஒரு வாரம் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். நான் ஜெபப் புத்தகத்தின் பெரிய எழுத்தை விரல் வைத்துக் கூட்டுவேன். அதற்கு மேல் அப்போது வராது. என் வீட்டுக்காரருக்கு அதுவும் வராது. அவர் சூளையிலிருந்து செங்கல் ஏற்றும் மாட்டுவண்டி ஓட்டினார். எங்களைப் போன்றவர்கள், பிள்ளை படிக்கிறதா சும்மா புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறதா என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது? காதை வைத்துத்தான். எங்கள் தெருவில் எல்லாப் பிள்ளைகளும் ராகம் போட்டுத்தான் படித்தன. சத்தம் வந்தால் படிப்பு. சத்தம் நின்றால் போய் முதுகில் ஒன்று வைப்போம். எங்கள் பிள்ளைப்பாக்கம் பக்கத்தில் அன்றைக்கு அதுதான் பரீட்சை.

என் மகளுக்கு அந்தச் சத்தம் இன்னும் ஒருபடி முக்கியம். என் வீட்டுக்காரருடைய அக்கா, என் நாத்தனார், புருஷனை இழந்து ஒரே மகனோடு எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தாள். என் மகள் குழந்தையாக இருந்தபோதே, அவளைத் தன் மகனுக்குக் கட்ட வேண்டும் என்று நாத்தனார் சொல்லி வைத்திருந்தாள். நான் முடியாது என்றேன். என் வீட்டுக்காரர் யாருக்கும் நோகாமல் ஒரு தீர்ப்புச் சொன்னார்.

"பாப்பா படிக்கிற சத்தம் கேக்குற வரைக்கும் படிக்கட்டும். என்னிக்கு சத்தம் நிக்குதோ அன்னிக்கு ஓலை குடுத்துடலாம்."

ஓலை என்றால், இன்னாரை இன்னார் கட்டப்போகிறார், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று மாதா கோயிலில் ஞாயிறு பூசையில் வாசிப்பார்களே, அது. மூன்று ஞாயிறு வாசித்தால் பிறகு தாலிதான். உறவுக்குள் கட்டுவதற்கு வேண்டிய அனுமதியைக்கூட நாத்தனார் முன்னாலேயே பங்குச் சாமியாரிடம் சொல்லி வாங்கி வைத்திருந்தாள். அவ்வளவு முந்துகிறவள். அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு மண்சுவர்தான். தினமும் அந்தச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு காது கொடுப்பாள்.

அப்படியிருக்கும்போதுதான் பள்ளிக்குப் புதிதாக ஒரு சயின்ஸ் வாத்தியார் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஏதோ பாடம் தொடங்கினாராம். அன்று மாலை என் மகள் பையைக் கொண்டுவந்து மூலையில் வைத்தாள். புத்தகத்தை எடுக்கவில்லை.

"இன்னாடி, படிக்கலையா?"

"படிச்சிக்கினுதாம்மா கீறேன்."

அவள் கையில் எலுமிச்சம்பழம் இருந்தது. அதை அம்மிமேல் உருட்டிவிட்டு, கீழே விழுவதைப் பார்த்தாள். எடுத்து மறுபடியும் உருட்டினாள். மறுநாள் தெருவில் போன சைக்கிள் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அடுத்த நாள் பள்ளி லீவு, ஆனால் அவள் வீட்டிலேயே இல்லை. தேடிப்போனால், நாத்தனார் நிலத்துக் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தாள்.

அந்தக் கிணற்றில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை ஓடிக்கொண்டிருந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: வடக்கயிற்றின் ஒரு முனையில் தண்ணீர் மொள்ளும் பெரிய சால், மறுமுனையில் ஒரு ஜோடி மாடு. மாடு சரிவில் இறங்கினால் சால் தண்ணீரோடு மேலே வரும். தண்ணீர் வாய்க்காலில் கொட்டியதும் மாடு முகத்தைத் திருப்பாமல் பின்னாலேயே காலை வைத்து மேட்டுக்கு ஏறும். சால் கிணற்றுக்குள் போகும். மறுபடியும் இறக்கம். காலையிலிருந்து வெயில் ஏறும் வரை இதேதான். மாட்டை ஓட்டிக்கொண்டு இறக்கத்தில் வடத்தின்மேல் உட்கார்ந்து வருகிறவன் யார் என்றால், நாத்தனாருடைய மகன்.

ஓடிப்போய் மகளின் கையைப் பிடித்தேன். அவளை இழுத்துக்கொண்டு வருவதற்குள் நாத்தனார் பார்த்துவிட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"ஏண்டி இழுக்கற? குந்தட்டும். எம்மாம் நேரமா பாத்துக்கினு குந்தினுக்கீது தெரியுமா? கண்ண எடுக்கல. நான் வாயத் தொறந்தனா?"

"அவ வேற எதனா பாத்திருப்பா அண்ணி."

"கவலைல வேற இன்னாடி கீது பாக்க? நீ பொண்ணாப் பொறந்தவ தானே?"

அன்று மாலை என் வீட்டுக்காரர் வண்டியை அவிழ்க்கும்போதே அவள் சுவருக்கு வந்துவிட்டாள்.

"தம்பி, சத்தம் நின்னு நாளாச்சி. பொண்ணு மனசும் தெரிஞ்சிடுச்சி. ஞாயித்துக்கிழம முத ஓலை. இன்னா சொல்ற?"

அவர் மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை. "பாக்கலாம்க்கா" என்றார்.

பாக்கலாம் என்று அவர் சொன்னால் அது ஆமாமா இல்லையா என்று கல்யாணமான நாளிலிருந்து எனக்குத் தெரிந்ததில்லை. மகளைக் கேட்டேன், அடித்தும் கேட்டேன். "சார்தாம்மா பொஸ்தகத்தத் தொறக்காதீங்கன்னாரு. ஓடுற பொருளா பாத்துட்டு வந்து சொல்லச் சொன்னாரு" என்று அழுதாள். புத்தகத்தைத் திறக்காதே என்று சொல்ல ஒருத்தருக்கு எதற்குச் சம்பளம்? எனக்கு நம்பிக்கை வரவில்லை. சோறு இறங்கவில்லை. துடைப்பத்தை எடுப்பேன், பாதியில் வைப்பேன். குடத்தைத் தூக்கிக்கொண்டு போய், நிரப்பாமல் திரும்பி வருவேன்.

மறுநாள் நடவு வேலையை விட்டுவிட்டுப் பள்ளிக்கு நடந்தேன். நல்ல சேலை கட்டிக்கொண்டுதான் போனேன். யாரும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிடக் கூடாது.

வகுப்பு புளியமரத்தடியில் நடந்துகொண்டிருந்தது. ஒல்லியான ஆள் ஒருவர் கையில் குச்சியோடு நின்றார். என்னைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார்.

"யாரைத் தேடுதீங்கம்மா?"

நான் மகளைக் கைகாட்டினேன்.

"உங்க மவளா? அவ முறைதான் இப்பம். செத்த நில்லுங்க, கேட்டுட்டுப் போங்க."

ஒரு பையன் எழுந்து, சிங்கப்பெருமாள் கோவிலுக்கு பஸ்ஸில் போகும்போது மரமெல்லாம் பின்னால் ஓடியது என்றான். "மரம் எங்கலே ஓடும், அதுக்குக் காலா இருக்கு?" என்று வாத்தியார் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். "அவன் சொன்னது தப்பில்ல. பஸ்ஸுல இருக்கவனுக்கு மரம் ஓடுது. மரத்தடியில நிக்கவனுக்கு பஸ்ஸு ஓடுது. ஒண்ணு நகருதுன்னு சொல்லணும்னா, எதை வச்சுப் பாக்கோம்னு முதல்ல சொல்லணும்" என்றார். எனக்குத் தலை சுற்றியது. பிறகு என் மகளைக் கூப்பிட்டார்.

அவள் என்னைப் பார்த்ததும் பாவாடையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். பிறகு பேசினாள்.

"கவலை மாடு பாத்தேன் சார்."

"சரி. எவ்வளவு தூரம் நடந்துச்சு?"

"காலைலேருந்து நடந்துச்சி சார். நடந்த தூரத்த எல்லாம் ஒண்ணாப் போட்டா செங்கல்பட்டுக்கே போயிருக்கும்."

"எங்க போச்சு?"

"எங்கயும் போவல சார். ஒவ்வொரு தடவையும், காலைல பூட்டின எடத்துக்கே திரும்பி வந்து நின்னுச்சி."

பிள்ளைகள் சிரித்தார்கள். வாத்தியார் சிரிக்கவில்லை. குச்சியால் மண்ணில் ஒரு கோடு இழுத்தார், அதன்மேலேயே திரும்ப இழுத்தார், மறுபடியும் இழுத்தார். கோடு ஆழமாகியதே தவிர நீளவில்லை. "நடந்த தூரம் ஒண்ணு. கெளம்பின எடத்துல இருந்து எவ்வளவு தள்ளி நிக்கோம்ங்கது இன்னொண்ணு. ரெண்டையும் கொழப்பப்படாது" என்றார்.

"இன்னொண்ணு சார்" என்றாள் என் மகள். "வடத்துல துணி கட்டிப் பாத்தேன். எறங்கும்போது பாரம், மெதுவாப் போவுது. ஏறும்போது வெறும் சாலு, வேகமா வருது. ஆனா திரும்புறதுக்கு முன்ன கண்ணு சிமிட்டுற நேரம் துணி நிக்குது. நிக்காம திரும்ப முடியல சார்."

அந்த வாத்தியார் குச்சியைக் கீழே போட்டுவிட்டார். "இதத்தான்டே நான் அடுத்த வாரம் நடத்தணும்னு இருந்தேன்" என்றார் மற்ற பிள்ளைகளைப் பார்த்து.

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன், நிமிர்ந்தது. ஆனால் கோபம் போகவில்லை. மணி அடித்ததும் அவரை மடக்கினேன்.

"ஏன் சார், படிக்கறத வாய்விட்டுப் படிக்கச் சொன்னா இன்னா?"

"சத்தத்துலயா படிப்பு இருக்கு?"

"எங்க வூட்ல சத்தத்துலதான் கீது சார். அது நின்னா கல்யாணம்."

அவருக்குப் புரிய வைக்க நேரமானது. புரிந்ததும் முகம் சுருங்கியது. நான் வந்து உங்கள் வீட்டுக்காரரிடம் பேசுகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். எங்கள் வீட்டு வழக்குக்கு வெளியாள் வந்து சாட்சி சொல்லும் அளவுக்கு நான் இன்னும் தாழ்ந்துபோகவில்லை.

அன்று மாலை என் வீட்டுக்காரர், நாத்தனார், அவள் மகன் மூவரையும் வைத்துக்கொண்டு மகளை நிற்க வைத்தேன். "ஸ்கூல்ல சொன்னத சொல்லுடி. சத்தமா சொல்லு" என்றேன். சொன்னாள். தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

நாத்தனார் மூக்கில் விரலை வைத்தாள். "இது படிப்பா? எங்க மாட்டப் பத்தி எங்களுக்கே சொல்றா. அதுக்கு ஒரு வாத்தியாரு, அதுக்கு ஒரு ஸ்கூலு!"

"அவ உம்புள்ளையப் பாக்கல அண்ணி. மாட்டத்தான் பாத்தா."

"இன்னாடி சொன்ன? எம்புள்ள மாட்டுக்கும் கீழயா பூட்டான்?"

சண்டை ஏறிக்கொண்டே போனது. இத்தனைக்கும் அந்தப் பையன் மூலையில் குந்திக்கொண்டு வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தான். திடீரென்று அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அத்த சொல்றது மெய்தாம்மா. நானும் மொதல்ல என்னைத்தான் பாக்குதுன்னு துண்ட எல்லாம் சரியாப் போட்டுக்கினு குந்தினேன். 'மாமா, கொஞ்சம் தள்ளு, வடத்த மறைக்கிற'ன்னுச்சி. அப்பறம் என் துண்டையே கேட்டுச்சி. குடுத்தா, கிழிச்சி வடத்துல கட்டிடுச்சி."

நாத்தனார் அவன் தலையில் ஒன்று போட்டாள். என் மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். என் வீட்டுக்காரர் எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

நாத்தனார் மட்டும் போகும்போது திரும்பி நின்று சொன்னாள்: "அவன் கெடக்கறான். சத்தம் நின்னா ஓலைன்னு சொன்னது எந்தம்பி. ஆம்பள சொல்லு மாறாது."

அதற்குப் பிறகு ஞாயிறு வரை நான் பட்டதை என்னவென்று எழுத? அவர் வண்டி தினமும் சாமியார் வீட்டு வாசல் வழியாகத்தான் சூளைக்குப் போகும். போகிற வழியில் ஒரு வார்த்தை, முடிந்தது. கேட்டால் "பாக்கலாம்" என்பார். நான் சட்டியை ஒரு தடவைக்கு இரண்டு தடவை கழுவினேன். ஜெபமாலை சொல்லும்போது பாதியில் எண்ணிக்கை தவறி, முதலிலிருந்து தொடங்கினேன். மகளும் இப்போது சத்தம் போட்டுப் படித்தாள், தொண்டை கட்டும் அளவுக்கு. அதைக் கேட்கக் கேட்கத்தான் எனக்கு இன்னும் பதற்றமானது. அது படிப்பு அல்ல, பயம் என்று எனக்கே தெரிந்தது. "போதும் நிறுத்துடி" என்று நானே போய்ச் சொன்னேன். சுவருக்கு அந்தப்பக்கம் நாத்தனார் காதுக்கும் அது கேட்டிருக்கும். கேட்கட்டும் என்று விட்டேன்.

ஞாயிறு பூசை. நாத்தனார் பட்டுச்சேலை கட்டி முன்னால் போய் உட்கார்ந்திருந்தாள். ஆண்கள் பக்கத்தில் என் வீட்டுக்காரர் தூணுக்குப் பின்னால் இருந்தார், முகம் தெரியவில்லை. பிரசங்கம் எனக்குக் காதில் ஏறவில்லை. முட்டிபோட வேண்டிய நேரத்தில் எழுந்து நின்றேன். பக்கத்தில் இருந்தவள் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

ஓலை வாசிக்கிற உபதேசியார் காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்தார். கண்ணாடியைத் தேடினார். சட்டைப்பையில் இல்லை, மடியில் இல்லை. நெற்றியில் இருந்தது. எனக்கு அவரை அங்கேயே திட்டலாம் போல இருந்தது. முதலில் வடக்குப்பட்டுக்காரர்கள் ஒரு ஜோடி. பிறகு ஊர்க்காரர்கள் ஒரு ஜோடி, இரண்டாம் ஓலை. பிறகு எச்சிலைத் தொட்டுக் காகிதத்தைத் திருப்பினார். என் மகள் என் விரலைப் பிடித்திருந்தாள்.

காகிதத்தின் மறுபக்கம் வெறுமையாக இருந்தது. மடித்து வைத்துவிட்டார்.

நாத்தனார் திரும்பி ஆண்கள் பக்கம் பார்த்த பார்வையில் தூண் பொசுங்கியிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வரும் வழியில், எப்போதும் போல அவர் முன்னால் நடந்தார், நானும் மகளும் பின்னால் வந்தோம். ஏரிக்கரை ஏறியதும் என்னால் அடக்க முடியவில்லை.

"சாமியாராண்ட சொல்லலையா?"

அவர் நிற்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

"சொல்லலாம்னுதான் வண்டிய அந்தப் பக்கம் ஓட்டினேன். மாடு நிக்கல. நிக்காம எப்பிடித் திரும்பறது? உம் பொண்ணதான் கேளேன்."

மகள் என் பின்னால் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், ஆனாலும் சத்தம் வந்தது.