வள்ளித்தாயின் விசாரணை

என் பக்கத்து வீட்டு வள்ளித்தாய்க்கு எட்டு வருடமாக ஒரே பேச்சுதான். சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவள் புருஷன் மாரிசாமி மருந்து கலக்கினார். ஒருநாள் அவருடைய ஷெட்டும் பக்கத்து ஷெட்டும் வெடித்துத் தரைமட்டம். அவரோடு சேர்த்து நாலு உயிர் போயிற்று. 'மருந்து கலக்கியவரின் கவனக்குறைவு' என்று எழுதி விசாரணையை முடித்துவிட்டார்கள். செத்தவன் எழுந்து வந்து மறுக்கவா போகிறான்? மற்ற மூன்று வீட்டாரும் இன்றுவரை இவளோடு பேசுவதில்லை. முதலில் வெடித்தது பக்கத்து ஷெட்தான் என்று இவள் சொல்லாத ஆளில்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

அவள் மகள் பிரீத்திகா பெங்களூருவில் வெடிக்கும் நட்சத்திரங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். பொங்கலுக்கு வந்தவளிடம், "அப்படி என்னதான் பிள்ள பாக்குற அங்கன?" என்று கேட்டுத் தொலைத்தேன். என் வாய் சும்மா இருந்தால்தானே!

"நட்சத்திரம் வெடிச்சா நமக்கு வெறும் புள்ளியாத்தான் தெரியும் அத்தை. அந்த வெளிச்சம் எந்தத் திசையில ஆடுதுன்னு அளப்போம். போலரைசேஷன்னு பேரு. உருண்டையா வெடிச்சா எல்லாத் திசையிலயும் சமமா ஆடும். கோணலா வெடிச்சா ஒரு திசையில கூடுதலா ஆடும். அத வச்சு, எப்படி வெடிச்சது, பக்கத்துல இருந்த நட்சத்திரம் தூண்டிவிட்டுச்சான்னு பாப்போம்."

வெளிச்சம் ஆடுமாம்! விளக்கு ஆடிப் பார்த்திருக்கிறேன். இது எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. வள்ளித்தாயோ அரிவாள்மணையைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள்.

"பக்கத்துல இருந்துதான் வந்துச்சுன்னு கண்டுபிடிச்சிருவீகளா? அப்ப நம்ம ஷெட்டையும் பாரு பிள்ள."

பிரீத்திகா திகைத்துப்போனாள். "எம்மா, அது ரொம்பத் தூரத்துல எப்பவோ வெடிச்சது. அந்த வெளிச்சம் இப்பத்தான் நம்மகிட்ட வந்து சேருது. அதான் பாக்க முடியுது. நம்ம ஷெட்டு வெளிச்சம் அன்னைக்கே போயிருச்சும்மா."

"எங்க போச்சு?"

மகள் கையை மேலே காட்டினாள். "மேலதான். எட்டு வருஷமா போய்க்கிட்டே இருக்கும்."

எனக்குத் தலை சுற்றியது. அணைந்துபோன வெளிச்சம் இன்னுமா போய்க்கொண்டிருக்கும்? வள்ளித்தாய் வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்த்தாள். பட்டப்பகல், ஒன்றுமே இல்லை.

"அப்ப அங்கன யாராச்சும் இருந்தா, உங்க அப்பா மேல தப்பில்லன்னு அவுகளுக்காவது தெரிஞ்சிருக்கும், இல்ல?"