பெயர் மட்டும் எழுதிய கணக்குத் தாள்

யுத்தம் முடிந்து இரண்டு மூன்று வருடங்கள் இருக்கும். கற்பிட்டிப் பக்கம் ஒரு சின்னப் பாடசாலையில் நான் கணிதம் படிப்பித்தேன். எட்டாம் வகுப்பில் பாதிப் பேருக்கு வகுத்தலே வராது. காலையில் மதுரங்குளியில் பஸ் ஏறும்போதே அவர்களைப் பற்றிய கவலைதான். கணக்கை முடித்துவிட்டு என்னைப் பார்க்கும் பிள்ளைகளிடம், “சத்தம் போடாம இரிங்க” என்பேன். அதற்குமேல் அவர்களுக்குக் கொடுக்க என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

அவர்களில் ஒருத்தி எப்போதும் முதலில் முடிப்பவள். இரண்டாம் தவணைப் பரீட்சையில் அவள் தந்த தாளில் பெயர் மட்டும்தான் இருந்தது. சுகமில்லையாக்கும் என்று நினைத்தேன். விசாரிக்காமலே பூச்சியம் போட்டேன். பிறகு அவள் வரவில்லை. புள்ளியைப் பார்த்த அவளுடைய வாப்பா, படித்தது போதும் என்று நிறுத்திவிட்டாராம். வெங்காயத் தோட்டத்தில் நிற்கிறாளாம்.

பாடசாலை விட்டதும் நேரே அங்கே போனேன்.

“ஏன் மகள் ஒண்டும் எழுதல்ல?”

வெங்காயத்தைப் பிடுங்கிக்கொண்டே சொன்னாள். “தெரியாத புள்ளைகள்ட பக்கத்துலதானே நீங்க வந்து இரிக்கிற, டீச்சர்.”

தோட்டத்தில் நின்ற வாப்பாவிடம் போய், பிழை என்னுடையது, பிள்ளை கெட்டிக்காரி என்றேன். அவர் நம்பவில்லை.

“அப்ப எனக்கு முன்னால செய்யட்டும்.”

பையில் அதே வினாத்தாள் இருந்தது. தென்னை நிழலில் இருந்து அவள் எழுத, நான் பக்கத்தில் நின்று வியர்த்தேன். ஒரு தவணை முழுக்கக் கவனிக்காமல் விட்ட பிள்ளை. தடுமாறினால் எல்லாம் முடிந்தது.

அங்கேயே திருத்தினேன். ஒரே ஒரு கணக்குத்தான் பிழை.

வாப்பா தாளை வாங்கி, சரி போட்ட இடங்களை விரலால் தொட்டுப் பார்த்தார். “இவ்வளவும் சரியா? அப்ப திங்கக்கிழம வருவா, டீச்சர்.”

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பஸ்ஸில் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

அந்தத் திங்கட்கிழமை முதல் கரும்பலகை ஓரத்தில் தினமும் ஒரு கடினமான கணக்குப் போட்டேன். அவளுக்கென்றுதான் போட்டேன். ஆனால் எப்படியும் சமாளிப்பார்கள் என்று நான் விட்டுவைத்திருந்த நடுத்தரப் பிள்ளைகளும் கொப்பியோடு முண்டியடித்து வந்தார்கள்.

‘இந்தப் பிள்ளைக்குப் பிரச்சினையில்லை’ என்று இன்றைக்கும் மனதில் தோன்றினால், உடனே ஒரு சின்னப் பயம் வருகிறது. அந்தப் பயம் என்னை விட்டுப் போகக்கூடாது என்றுதான் விரும்புகிறேன்.