யெட்லோவெட்ஸின் 4,318 பேர்

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் ஒரு பள்ளிச் சமையலறையில் இருபத்தாறு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நகுலேஸ்வரி. ஒரு நாளும் கண்ணால் பார்த்திராத யெட்லோவெட்ஸ் என்ற செக் நாட்டு ஊரைப் பற்றி ஒரு கொப்பி நிறைய எழுதி வைத்திருந்தாள். உயரம் 512 மீற்றர். வடக்கே மலை, தெற்கே சிற்றாறு. அங்கே அடர்ந்து நிற்கும் ‘யெட்லெ’ என்ற ஊசியிலை மரத்தால் வந்த பெயர். 1930இல் 6,740 பேர். போர் முடிந்து ஜேர்மன் மொழிக்காரரை வெளியேற்றியபின் 1950இல் 2,905. 1991 மார்ச் 3ஆம் திகதி 4,318.

கடைசி எண்ணுக்குப் பக்கத்தில், “இதற்கு முன்பே தம்பி போய்விட்டான்” என்று எழுதியிருந்தாள்.

தம்பி றஜீவன் 1990 டிசம்பரில், வேறு இருபத்திரண்டு பேரோடு, ஏஜென்சிக்காரன் ஒருவன் மூலம் களவாக லண்டனுக்கு வரும் வழியில் அந்த ஊர் விடுதியில் தங்கினான். ஜனவரியில் காய்ச்சலில் இறந்துபோனான் என்ற செய்தியை, கூட வந்த பஸ்தியாம்பிள்ளைதான் கொண்டுவந்தார். அவர் கையில் அவளுடைய விலாசம் எழுதிய துண்டு இருந்தது. எட்டு மாதம் அவரை வீட்டில் வைத்துச் சோறு போட்டாள். அதற்குப் பிறகும் ஞாயிறுதோறும் தேவாலயப் பூசை முடிந்து சாப்பிட வருவார். கொப்பியைக் கண்டால் சிரிப்பு.

“அக்கா லண்டனிலை இருந்துகொண்டு செக் நாட்டு ஊருக்கு விதானை வேலை பாக்கிறா, ஆள்கணக்கு எழுதுறா.”

கல்லறையை விசாரித்தால் வந்தவர்களின் அகதிக் கேஸ் பழுதாகும் என்று அவர் சொல்லியிருந்ததால் அவள் கேட்கவேயில்லை. எல்லோருக்கும் குடியுரிமை கிடைத்து வெகுகாலமாகிவிட்டதே என்று 2022இல்தான் அந்த ஊருக்கு எழுதினாள். ஊர்க் குறிப்பேடு எழுதுபவர் ஒரு பக்கத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து அனுப்பினார்.

“பெப்ரவரி 9: இருபத்திரண்டு இலங்கையர் புறப்பட்டனர். காய்ச்சலாய்க் கிடந்த ஒருவரை விட்டுச் சென்றனர். மார்ச் 3: குடிசன மதிப்புக் கணக்கெடுப்பில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் எண்ணப்பட்டார். பெயர் றஜீவன், வயது 24. அக்காவின் விலாசம் நண்பனிடம் என்றார். மே 19: பஸ் ஏறினார். எங்கே என்று தெரியாது.”

அந்த ஞாயிறு, சோற்றுக்கு முன் கடிதத்தை வைத்தாள். பஸ்தியாம்பிள்ளை இரண்டு தடவை வாசித்தார்.

“ஏஜென்சிக்காரன் நிக்க விடேல்லை அக்கா. அவனாலை எழும்ப ஏலாது.”

“என்ர விலாசம்?”

“இஞ்சை எனக்கு ஒருத்தரையும் தெரியாது. எடுத்துக்கொண்டு வந்திட்டன்.”

“சரி, விட்டிட்டு வந்தனி. ஏன் செத்தவன் எண்டு சொன்னனி?”

அவர் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “உயிரோடை எண்டால் தேடுவியள். கண்டுபிடிச்சால் நான் என்னத்தைச் சொல்லுறது?”

“முப்பத்தொரு வருசம் என்ர கையாலை திண்டனியடா.”

அவர் எழுந்து, கதவைத் தானே சாத்திக்கொண்டு போனார்.

நகுலேஸ்வரி கொப்பியை விரித்தாள். பழைய வரியை வெட்டிவிட்டு, 4,318க்குப் பக்கத்தில், “இதில் ஒருவன் றஜீவன்” என்று எழுதினாள். யெட்லோவெட்ஸிலிருந்து பஸ் போகும் பாதை இரண்டு. இரண்டும் அவளுக்கு மனப்பாடம். புதுப் பக்கம் எடுத்து, வழியில் வரும் ஊர்களை ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கினாள்.